மலை கற்பித்த பாடம்

நுழையும்முன்

ஓநாய் மானைக் கொல்கிறது. ஆகவே ஓநாயை ஒழித்தால் மான்கள் பெருகும். இந்தக் கணக்கு சரியென்றே தோன்றும். இதனை நம்பித் துப்பாக்கி ஏந்திய ஒருவர், பின்னாளில் இது பிழையென உணர்ந்து உலகறியச் சொன்னார். அவரே ஆல்டோ லியோபோல்ட்.

இளமையும் கல்வியும்

அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில், மிசிசிப்பி ஆற்றங்கரை நகரான பர்லிங்டனில் 1887ஆம் ஆண்டு சனவரி 11ஆம் நாள் லியோபோல்ட் பிறந்தார். தந்தை கார்ல், மேசைகள் செய்யும் தொழிலகத்தை நடத்தியவர். வேட்டையில் விருப்பம் மிக்கவர். ஆயினும், நீர்ப்பறவைகள் இனம்பெருக்கச் செல்லும் இளவேனிலில் அவற்றைச் சுடுவதில்லை என, சட்டம் வரும் முன்னரே தமக்குத் தாமே வரம்பு வகுத்துக்கொண்டார். அவருடன் காடும் சதுப்பும் சுற்றியே லியோபோல்ட் வளர்ந்தார். யேல் பல்கலைக்கழகத்தில் வனவியல் பயின்று, 1909இல் அரசின் வனப்பணியில் சேர்ந்தார். அரிசோனாவின் அப்பாச்சி காட்டுக்கு அனுப்பப்பட்டார்.

ஓநாயின் விழிகள்

ஓநாயைக் கண்டதும் சுடுவதே கடமையெனக் கருதப்பட்ட காலம் அது. ஒருநாள் லியோபோல்டும் உடன் பணியாற்றியவர்களும் உயர்ந்த பாறையின்மேல் அமர்ந்து உண்டுகொண்டிருந்தனர். கீழே ஆற்றைக் கடந்து வந்த தாய் ஓநாயையும் அதன் குட்டிகளையும் கண்டு சரமாரியாகச் சுட்டனர். இறங்கிச் சென்றபோது, தாயின் விழிகளில் இருந்த பசிய ஒளி மங்கி மறைவதை லியோபோல்ட் கண்டார். அக்காட்சி நெஞ்சில் பதிந்தது. ஆனால், கருத்து மாறவில்லை. அதன்பின்னும் பல ஆண்டுகள், ஓநாயையும் பூமாவையும் அடியோடு ஒழிக்க வேண்டுமென்று எழுதியும் பேசியும் வந்தார்.

கண்டறிந்த உண்மை

அவர் கருத்தைக் காடுகளே மாற்றின. அரிசோனாவின் கைபாப் பீடபூமியில் 1906 முதல் மான்வேட்டை தடை செய்யப்பட்டது. மானை உண்ணும் விலங்குகள் கொல்லப்பட்டன. மான்கள் பெருகி, எட்டிய இலைகளையெல்லாம் தின்று தீர்த்தன. 1920களின் நடுப்பகுதியில் அவை பட்டினியால் பெருமளவில் மடிந்தன.

1933இல் லியோபோல்ட் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் காட்டுயிர் மேலாண்மைப் பேராசிரியரானார். 1935இல் செருமனி சென்றார். ஓநாய்கள் இல்லாத அக்காடுகளில், மிகுந்துபோன மான்கள் மரங்களின் அடியில் செடிகொடிகளையே விட்டுவைக்கவில்லை. மறு ஆண்டு மெக்சிகோவின் சியரா மாத்ரே மலைக்குச் சென்றார். அங்கு ஓநாயும் பூமாவும் வாழ்ந்தன. மான்களும் அளவோடு இருந்தன. புல்வெளி அழியவில்லை, ஓடைகள் தெளிந்து ஓடின.

கொன்றுண்ணும் விலங்கு, இரையின் எண்ணிக்கையைத் தாவரங்கள் தாங்கும் அளவுக்குள் நிறுத்துகிறது. தாவரம் மண்ணைக் காக்கிறது. மண் நீரைக் காக்கிறது. ஒரு கண்ணி அறுந்தால் மலையே தேய்கிறது. இதனை அவர் ஐயமற உணர்ந்தார்.

பிழையை ஒப்பிய பெருமை

1943இல் விஸ்கான்சின் மாநில இயற்கை வளப் பாதுகாப்பு ஆணையத்தில் உறுப்பினரானார். காட்டைக் காக்க, பெருகிவிட்ட மான்களைக் குறைத்தாக வேண்டும் என வாதிட்டார். மக்கள் சினந்தனர், லியோபோல்ட் பின்வாங்கவில்லை.

அக்காலத்தில் அவர் எழுதிவந்த கட்டுரைகளைப் படித்த முன்னாள் மாணவர் ஆல்பர்ட் ஹோக்பாம், ஓநாய்களின் அழிவில் ஆசிரியருக்கும் பங்குண்டு என்பதை மறைக்கலாகாது எனச் சுட்டினார். ஆசிரியர் சினக்கவில்லை. சுட்டவர்களுள் தாமும் ஒருவர் என்பதை, 35 ஆண்டுகள் கழித்து, 1944இல் கட்டுரையாக எழுதினார்.

நிறைவு

1948 ஏப்ரல் 21இல், அண்டை வீட்டார் பண்ணையில் பரவிய தீயை அணைக்கச் சென்ற லியோபோல்ட், மாரடைப்பால் உயிர்நீத்தார். அவருடைய கட்டுரைத் தொகுப்பை வெளியிடப் பதிப்பகம் இசைந்து ஒரு வாரமே ஆகியிருந்தது. மறு ஆண்டு வெளிவந்த அந்நூல், காட்டுயிர்ப் பாதுகாப்புச் சிந்தனைக்கு அடித்தளமாயிற்று.

1998இல் அமெரிக்க அரசு, அழிவின் விளிம்பிலிருந்த மெக்சிகோ ஓநாய்களைக் காட்டில் மீண்டும் விடுவித்தது. அதற்குத் தேர்ந்த இடம், இளம் லியோபோல்ட் அன்று துப்பாக்கியுடன் நின்ற அதே அப்பாச்சி காடு.