கதவைத் திறந்த டாக்டரம்மா

நான் பாசிர் ரிஸ்ல இருக்கேன், பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். இந்த இதழுக்கு ஒரு பெரியவரோட வாழ்க்கையை எழுதித் தரச் சொன்னாங்க. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியைத் தேர்ந்தெடுத்தேன். அதுக்குக் காரணம் எங்க புளோக்கில் இருக்கும் ஒரு நண்பன்.

போன வருஷம் அவனுக்கு டெலிகிராமில் ஒரு வேலை வாய்ப்பு வந்தது. தாய்லாந்தில் கணினி வேலை, விமானச் சீட்டு இலவசம், சம்பளம் மாசம் 4,000 வெள்ளி. பாஸ்போர்ட் நகலையும் 600 வெள்ளியையும் அனுப்பிவிட்டான். பிறகு சந்தேகம் வந்து எங்களிடம் சொன்னான். நாங்க என்ன செய்தோம் தெரியுமா? சிரித்தோம். அதற்குப் பிறகு அவன் கீழ்த்தளத்துக்கு வந்து எங்களோடு உட்காருவதே இல்லை.

2022-இல் தமிழ்நாட்டு இளைஞர்கள் பலர் இதே மாதிரி தாய்லாந்து வேலையை நம்பிப் போனார்கள். எல்லை தாண்டி மியான்மரின் மியாவாடிக்குக் கொண்டு செல்லப்பட்டார்கள். அங்கே அடைத்துவைத்து, இணைய மோசடி செய்யும்படி கட்டாயப்படுத்தினார்கள். அவர்களில் கணினி படித்தவர்களும் இருந்தார்கள். நம்ம மாதிரிப் பிள்ளைகள்தான். அந்தச் செய்தியைத் தொடர்ந்து ஆள்கடத்தல் பற்றிப் படிக்கப்போய்த்தான், முத்துலட்சுமி அம்மையாரின் கதைக்கு வந்து சேர்ந்தேன்.

அவர் 1886 ஜூலை 30 அன்று புதுக்கோட்டையில் பிறந்தார். தந்தை நாராயணசாமி ஐயர், கல்லூரி முதல்வர். தாய் சந்திரம்மாள், தேவதாசிக் குலத்தைச் சேர்ந்தவர். புதுக்கோட்டை மகாராஜா கல்லூரி அப்போது ஆண்களுக்கு மட்டும். ஒரு பெண்ணை, அதுவும் இந்தக் குடும்பத்துப் பெண்ணைச் சேர்க்கக்கூடாது என்று எதிர்ப்பு கிளம்பியது. மன்னர் அனுமதி கொடுத்ததால் உள்ளே போனார். 1907-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து, 1912-இல் டாக்டர் ஆனார். தன்னைச் சமமாக நடத்த வேண்டும் என்ற நிபந்தனையோடு 1914-இல் டாக்டர் சுந்தர ரெட்டியை மணந்தார்.

நிம்மதியாக மருத்துவம் பார்த்துக்கொண்டே இருந்திருக்கலாம். ஆனால் 1926-இன் இறுதியில் சென்னை சட்டமன்றத்துக்கு நியமிக்கப்பட்டார். அவையின் துணைத் தலைவராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார். அங்கே அவர் கையில் எடுத்த விஷயம், விவரம் தெரியாத சிறுமிகளுக்குக் கோயிலில் பொட்டுக்கட்டும் வழக்கம்.

நண்பர்களே, இதைப் படிக்க எனக்குச் சங்கடமாகத்தான் இருந்தது. நம்ம கோயில்களில், நம்ம சாமி பேரில் நடந்த விஷயம் இது. தேவதாசிகள் இசையையும் நடனத்தையும் வளர்த்தவர்கள், அதை மறக்கக்கூடாது. ஆனால் அந்த முறைக்குள் சின்னப் பெண்பிள்ளைகள் விலைக்கு வாங்கப்பட்டதும் உண்மை. மூவலூர் ராமாமிர்தம் அம்மையாரை, சிறுமியாக இருந்தபோது பத்து ரூபாய்க்கும் ஒரு பழைய சேலைக்கும் விற்றுவிட்டார்கள். அவரே பின்னாளில் ஊர் ஊராகப் போய் இந்த வழக்கத்தை எதிர்த்துப் பேசினார்.

சிறுமிகளை விபசாரத்துக்காக விற்பதும் வாங்குவதும் 1860-ஆம் ஆண்டு தண்டனைச் சட்டத்திலேயே குற்றம். பொட்டுக்கட்டுதல் சமயச் சடங்கு என்ற போர்வையில் நடந்ததால், அந்தச் சட்டம் பெரும்பாலும் ஏட்டிலேயே இருந்தது. முத்துலட்சுமி அந்தப் போர்வையைத்தான் விலக்கினார். கலை அழிந்துவிடும், சம்பிரதாயம் கெட்டுவிடும் என்று பெரிய பெரிய ஆட்களே எதிர்த்தார்கள். ஒரு குழந்தைக்கு அநீதி செய்வதைச் சமயம் என்று ஏற்கக்கூடாது என்பதே அவர் வாதம்.

அடுத்து அவர் செய்ததை நம்ம பொறியியல் மாணவர்கள் கவனிக்கணும். பழுது எங்கே ஆரம்பிக்குதுன்னு தேடினார். கோயில் சேவைக்காக தாசிகளுக்கு மானிய நிலம் இருந்தது. சேவை தொடர்ந்தால்தான் நிலம் தங்கும். அதனால் அடுத்த தலைமுறையிலும் ஒரு பெண்ணுக்குப் பொட்டுக்கட்ட வேண்டிய நெருக்கடி. 1929-இல் வந்த சட்டத் திருத்தம் இந்த முடிச்சை அவிழ்த்தது. சேவை செய்யாவிட்டாலும் நிலம் அந்தப் பெண்களுக்கே. இனி பிழைப்புக்காக ஒரு பிள்ளையைக் கொடுக்கத் தேவையில்லை.

1930-இல் காந்தி கைதானதைக் கண்டித்து அவர் பதவி விலகினார். அதே ஆண்டு, பொட்டுக்கட்டுதலிலிருந்து தப்பிய சில பெண்பிள்ளைகள் அவர் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். விடுதிகளில் சேர்க்கப் பார்த்தார், குலத்தைக் காரணம் காட்டி மறுத்துவிட்டார்கள். சட்டம் பேசியாச்சு, மேடையில் கைதட்டலும் வாங்கியாச்சு, ஆனால் இந்தப் பிள்ளைகள் இன்றிரவு எங்கே தூங்குவார்கள்? அவர் தன் வீட்டிலேயே இடம் கொடுத்தார். அப்படிப் பிறந்ததுதான் அவ்வை இல்லம். அங்கே சாப்பாடும் படுக்கையும் மட்டுமல்ல, படிப்பும் கைத்தொழிலும் கிடைத்தன. சென்னை அடையாறில் அது இன்றும் இயங்குகிறது.

பொட்டுக்கட்டுதலைத் தடை செய்யும் சட்டம் 1947-இல்தான் நிறைவேறியது. அவர் முதலில் தீர்மானம் கொண்டுவந்தது 1927-இல். இருபது வருஷம்! சட்டம் வரட்டும் என்று அவர் காத்திருந்தால், அந்தப் பிள்ளைகளின் இளமையே போயிருக்கும். புற்றுநோய்க்குத் தங்கையைப் பறிகொடுத்த அவர், 1954-இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையையும் திறக்கச் செய்தார். 1956-இல் பத்மபூஷண் பெற்றார். 1968 ஜூலை 22 அன்று மறைந்தார்.

நம்ம சிங்கப்பூரில் ஆள்கடத்தல் தடுப்புச் சட்டம் 2015 மார்ச் 1 முதல் நடப்பில் இருக்கு. பாதிக்கப்பட்டவர் 18 வயதுக்குக் கீழ் என்றால், ஏமாற்றினார்கள், மிரட்டினார்கள் என்று நிரூபிக்க வேண்டிய அவசியமே இல்லை. நல்ல சட்டம்தான். ஆனா யாராவது வாயைத் திறந்து சொன்னால்தானே அது வேலை செய்யும்? நேர்காணல் இல்லாத வேலை, கேட்காமலே வரும் விமானச் சீட்டு, கையைவிட்டுப் போகும் பாஸ்போர்ட் – இதெல்லாம் கண்டால் கிளம்புவதற்கு முன்பே யாரிடமாவது சொல்லுங்க. ஆபத்து என்றால் 999.

நம்மிடம் ஒருத்தர் வந்து சொன்னால் நாம எப்படிக் கேட்கிறோம், அது இன்னும் முக்கியம். அந்தப் பெண்பிள்ளைகள் முத்துலட்சுமியின் கதவைத் தட்டியதற்குக் காரணம், அது திறக்கும் என்ற நம்பிக்கை. என் நண்பன் எங்க கதவைத் தட்டினான். நாங்க உள்ளேயிருந்து சிரித்தோம்.

போன சனிக்கிழமை அவன் வீட்டுக்குப் போனேன். மன்னிப்புக் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமலே இருந்தான், பிறகு அந்த டெலிகிராம் செய்தியை எடுத்துக் காட்டினான். இருவரும் சேர்ந்து போலீசில் புகார் கொடுத்துவிட்டு, லோயாங் துவா பெக் கோங் கோயிலில் இருக்கும் நம்ம பிள்ளையாரைக் கும்பிட்டுவிட்டு வந்தோம். உங்க புளோக்கிலும் இப்படி ஒருத்தர் இருக்கலாம். அவர் தட்டும்போது திறங்க.