மறைகுறி அறிந்த மேதை

மதுரை மாநகரில், வையையாற்றின் தென்கரையில் அமைந்தது ஆரப்பாளையம். திண்டுக்கல், ஈரோடு, கோயம்புத்தூர் முதலிய ஊர்களுக்குச் செல்லும் பேருந்துகள் அங்கிருந்து புறப்படுகின்றன. அந்நிலையத்தில் நிற்கும் கல்லூரி மாணவர் ஒருவர், தம் அலைபேசியைத் தொட்டு, வங்கியிலுள்ள பணத்தை நொடிப்பொழுதில் வேற்றூருக்கு அனுப்பிவிடுகின்றார். அவர் அனுப்பும் செய்தி, பிறர்க்குப் பொருள் விளங்காத மறைகுறியாக மாறிச் செல்கின்றது. உரிய இடத்தை அடைந்த பின்னரே தன் பொருளை வெளிப்படுத்துகின்றது. கணக்கிடும் பொறியும் மறைகுறிக் கலையும் இவ்வாறு கைகோத்து மக்களுக்குப் பணிபுரிகின்றன. இவ்விரண்டையும் மாணவப் பருவத்திலேயே ஆராயத் தொடங்கி, அவ்வாராய்ச்சியால் உலகிற்குப் பெரும்பயன் விளைத்தவர் ஆலன் டூரிங் என்னும் ஆங்கிலேயக் கணித அறிஞர் ஆவார்.

டூரிங்கின் குடும்பத்திற்கும் தமிழகத்திற்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. அவருடைய அன்னையார் எதெல் சாரா, 1881ஆம் ஆண்டில் கோவையைச் சார்ந்த போத்தனூரில் பிறந்தவர். அவ்வம்மையாரின் தந்தையார் எட்வர்டு ஸ்டோனி, சென்னை இரயில்வேயில் தலைமைப் பொறியாளராக விளங்கியவர். டூரிங்கின் தந்தையார் ஜூலியஸ், சென்னை மாகாணத்தில் ஆட்சிப் பணி புரிந்தவர். மூத்த மகனாகிய ஜான், 1908இல் குன்னூரில் பிறந்தார். இளையவராகிய ஆலன், பெற்றோர் தாய்நாடு சென்றிருந்த காலத்தில், 1912ஆம் ஆண்டு ஜூன் 23ஆம் நாள் இலண்டன் மாநகரில் பிறந்தார்.

தந்தையாரின் பணி இந்தியாவில் இருந்தமையால், சிறுவர் இருவரும் இங்கிலாந்தில் ஓய்வுபெற்ற படைத்தலைவர் ஒருவருடைய இல்லத்தில் விடப்பட்டனர். பெற்றோரைப் பிரிந்து வளர்ந்த ஆலன், தனிமையில் ஆழ்ந்து சிந்திக்கும் இயல்பினர் ஆனார். எடுத்த செயலை முடிக்கும் உறுதியும் அவரிடம் இளமையிலேயே குடிகொண்டிருந்தது. 1926ஆம் ஆண்டில் ஷெர்போர்ன் என்னும் ஊரிலுள்ள பள்ளியில் அவர் சேர வேண்டிய நாளில், நாடெங்கும் பொது வேலைநிறுத்தம் நிகழ்ந்தது. புகைவண்டிகள் ஓடவில்லை. பதின்மூன்று வயதே நிரம்பிய அச்சிறுவர் சிறிதும் கலங்கினாரல்லர். துறைமுகத்திலிருந்து மிதிவண்டியில் தனியே புறப்பட்டு, இடையில் ஒரு விடுதியில் இரவு தங்கி, ஏறக்குறைய 100 கிலோமீட்டர் தொலைவைக் கடந்து மறுநாள் பள்ளியை அடைந்தார்.

பள்ளியில் அவருக்குக் கிறிஸ்டபர் மார்கம் என்னும் நண்பர் வாய்த்தார். இருவரும் விண்மீன்களைப் பற்றியும் வேதியியலைப் பற்றியும் ஓயாது உரையாடி மகிழ்ந்தனர். ஆயின், 1930ஆம் ஆண்டில் அந்நண்பர் நோயுற்று மறைந்தார். அப்பிரிவு டூரிங்கின் உள்ளத்தைப் பெரிதும் வாட்டியது. நண்பர் செய்திருக்கக்கூடிய அரும்பணியையும் தாமே செய்து முடித்தல் வேண்டும் என்று அவர் உறுதி பூண்டார்.

1931இல் டூரிங் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த கிங்ஸ் கல்லூரியிற் சேர்ந்தார். 1935இல், தம் 22ஆம் வயதிலேயே, அக்கல்லூரியின் ஆய்வறிஞருள் ஒருவராகத் தேர்ந்தெடுக்கப்பெற்றார். அவ்வாண்டில் மாக்ஸ் நியூமன் என்னும் பேராசிரியர் கணிதத்தின் அடிப்படைகளைக் குறித்து விரிவுரை நிகழ்த்தினார். ஒரு கணிதக் கூற்று நிறுவத்தக்கதா அன்றா என்பதைத் தவறாது தீர்த்துரைக்கும் பொதுமுறை ஒன்று உண்டோ என்பது, ஜெர்மானியக் கணித மேதை டேவிட் ஹில்பர்ட் எழுப்பியிருந்த வினா. அவ்வினா டூரிங்கின் நெஞ்சில் ஆழப் பதிந்தது. முறை என்றால் யாது என்பதையே முதலில் தெளிய வேண்டும் என அவர் எண்ணினார்.

ஒரு மாணவன் தாளில் கூட்டற்கணக்குச் செய்வதைக் காண்போம். அவன் ஒரு நேரத்தில் ஓர் எண்ணை மட்டும் நோக்குகின்றான். மேலே கொண்டு செல்ல வேண்டிய எண்ணை மனத்தில் வைத்துக்கொள்கின்றான். விடையில் ஓர் எண்ணை எழுதிவிட்டு, அடுத்த இடத்திற்கு நகர்கின்றான். இச்சிறு செயல்களுள் எதற்கும் பேரறிவு வேண்டுவதில்லை. ஆதலின், இவற்றைச் செய்யும் பொறி ஒன்றை டூரிங் தம் கற்பனையில் அமைத்தார். கட்டங்களாகப் பகுக்கப்பட்ட நீண்ட நாடா ஒன்று. அதில் ஒரு நேரத்தில் ஒரு கட்டத்தைப் படித்தும், எழுதியும், அழித்தும், இடமோ வலமோ நகரும் தலைப்பகுதி ஒன்று. இன்னது கண்டால் இன்னது செய்க என்னும் விதிகள் சில. இவ்வளவே அப்பொறி. விதிகளையும் நாடாவிலேயே எழுதிக் கொடுத்துவிட்டால், ஒரே பொறி பிற பொறிகள் செய்யும் வேலைகள் அனைத்தையும் செய்யும் என்று அவர் காட்டினார். இன்று ஒரே கணினி கடிதம் எழுதவும், கணக்குப் பார்க்கவும், படம் காட்டவும் பயன்படுவது இக்கருத்தின் விளைவே ஆகும். அப்பொறியைக் கொண்டே, ஹில்பர்ட் நாடிய பொதுமுறை இருத்தல் இயலாது என்பதையும் அவர் நிறுவினார்.

ஆராய்ச்சி முடியும் தறுவாயில் ஒரு செய்தி வந்தது. அமெரிக்கப் பேராசிரியர் அலோன்சோ சர்ச், வேறொரு வழியில் அதே முடிவை முன்னரே வெளியிட்டுவிட்டார் என்பதே அச்செய்தி. டூரிங் மனம் தளர்ந்தாரல்லர். அவர் சென்ற வழி முற்றிலும் புதியது என்பதை நியூமன் உணர்ந்து, கட்டுரை வெளிவரத் துணை நின்றார். டூரிங்கும் 1936இல் அமெரிக்கா சென்று, பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் அச்சர்ச்சுக்கே மாணவராகி, 1938இல் முனைவர் பட்டம் பெற்றார். தம்மை முந்தியவரைப் பகைவராகக் கருதாமல் ஆசிரியராகக் கொண்ட அப்பண்பு போற்றத்தக்கது.

பிரின்ஸ்டனில் பயின்ற காலத்தில் அவர் மறைகுறிக் கலையிலும் கருத்தைச் செலுத்தினார். ஒரு செய்தியை எண்ணாக மாற்றி, அதனை மறைவான பெரிய எண் ஒன்றாற் பெருக்கி அனுப்பினால், அம்மறை எண்ணை அறியாதார் செய்தியை அறிதல் அரிது என்று எண்ணினார். அதற்காக, இயற்பியல் துறையின் பட்டறையில் மின்விசையால் இயங்கும் பெருக்கற்பொறி ஒன்றின் பகுதிகளைத் தம் கையாலேயே செய்தார். தாளும் எழுதுகோலும் கொண்டு சிந்திக்கும் கணித மாணவர், பட்டறையில் கம்பி சுற்றவும் தயங்கவில்லை.

1939ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் இரண்டாம் உலகப்போர் மூண்டது. உடனே டூரிங் பிளெச்லி பார்க் என்னும் இடத்திலிருந்த அரசாங்க மறைகுறி நிலையத்திற் பணியேற்றார். ஜெர்மானியப் படையினர் எனிக்மா என்னும் பொறியைக் கொண்டு தம் செய்திகளை மறைத்து வந்தனர். அப்பொறியை அமைக்கக்கூடிய முறைகளின் எண்ணிக்கை 21 இலக்கங்கள் கொண்டது. எழுத்துருளைகளை மாற்றி வைக்கும் முறை நாள்தோறும் மாறும். ஒவ்வொரு முறையாகச் சோதிப்பதற்கு மனித வாழ்நாள் போதாது.

இத்துறையில் வழிகாட்டியவர்கள் போலந்து நாட்டு இளைஞர் மூவர். ரெயெவ்ஸ்கி, ருஷிட்ஸ்கி, சிகால்ஸ்கி என்னும் அவர்கள் போஸ்னான் பல்கலைக்கழகத்திற் கணிதம் பயின்றவர்கள். மாணவப் பருவத்திலேயே மறைகுறிப் பயிற்சிக்குத் தேர்ந்தெடுக்கப்பெற்றவர்கள். 1932இலேயே ரெயெவ்ஸ்கி எனிக்மாவின் உள்ளமைப்பைக் கணிதத்தால் கண்டறிந்தார். போர் மூளுமுன் போலந்து நாட்டினர் தம் கண்டுபிடிப்புகளை இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் வழங்கினர். அவர்கள் இட்ட அடிப்படையின்மேல் டூரிங் புதிய பொறி ஒன்றை வகுத்தார்.

எனிக்மாவில் ஒரு குறை இருந்தது. எந்த எழுத்தும் அதில் தன்னெழுத்தாகவே மாறி வருவதில்லை. மேலும், வானிலை அறிக்கை போன்ற செய்திகளில் சில சொற்கள் தவறாது இடம்பெற்றன. செய்தியில் இருக்கலாமென ஊகித்த சொல்லோடு முரண்படும் அமைப்புகளை விரைந்து நீக்கிவிடுவதே டூரிங்கின் பொறி செய்த வேலை. முதற்பொறி 1940இல் இயங்கத் தொடங்கியது. அவருடன் பணிபுரிந்த கோர்டன் வெல்ச்மன் அதனை மேலும் திருத்தி விரைவு கூட்டினார். பகைவரின் நீர்மூழ்கிக் கப்பல்கள் எங்கு உலவுகின்றன என்பதைப் பல வேளைகளில் முன்னரே அறிய முடிந்தமையால், உணவு கொண்டுவந்த கப்பல்கள் வேறு வழியிற் சென்று பிழைத்தன.

பணியாளர் போதாமையால் வேலை தடைப்பட்டபோது, 1941ஆம் ஆண்டு அக்டோபரில் டூரிங்கும் தோழர் மூவரும் மேலதிகாரிகளைக் கடந்து, தலைமையமைச்சர் சர்ச்சிலுக்கே நேராகக் கடிதம் எழுதினர். சர்ச்சில் அவர்கள் வேண்டியவற்றை உடனே வழங்குமாறு ஆணையிட்டார்.

போர் முடிந்த பின்னரும் இப்பணி மறைபொருளாகவே வைக்கப்பட்டது. டூரிங் தாம் செய்ததைப் பிறரிடம் கூறவில்லை. 1970களில் உண்மை வெளிவரத் தொடங்கியபோது அவர் உயிருடன் இல்லை. நாட்டைக் காத்தவர் என்று ஊரார் அறியாமலே அவர் தெருவில் நடந்து சென்றார்.

1945 முதல் அவர் தேசிய இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் மின்னணுக் கணினி ஒன்றை வகுப்பதில் ஈடுபட்டார். 1948இல் மான்செஸ்டர் பல்கலைக்கழகம் சென்றார். பொறி சிந்திக்குமா என்னும் வினாவை 1950இல் ஒரு கட்டுரையில் ஆராய்ந்தார். உடலுழைப்பிலும் அவர் சளைத்தவரல்லர்; 1947இல் மாரத்தான் ஓட்டத்தை 2 மணி 46 நிமிடத்தில் ஓடி முடித்தார்.

இத்தகைய பெருமகனுக்கு அவர்தம் நாடு தீங்கிழைத்தது. ஆடவர் ஆடவரை விரும்புதல் அந்நாளில் அங்குக் குற்றமாகக் கருதப்பட்டது. அவ்விருப்பம் உடையவர் என்பதற்காக 1952இல் அவர்மீது வழக்குத் தொடரப்பட்டது. சிறைக்கு மாற்றாக, உடலை நலிவிக்கும் மருந்தை ஓராண்டு ஏற்க நேர்ந்தது. அரசாங்க மறைகுறிப் பணியிலிருந்தும் அவர் விலக்கப்பட்டார். 1954ஆம் ஆண்டு ஜூன் 7ஆம் நாள், 42ஆம் பிறந்தநாளுக்குப் பதினாறு நாள் இருக்கையில், டூரிங் மறைந்தார்.

காலம் கடந்தே நாடு தன் தவற்றை உணர்ந்தது. 2009இல் பிரித்தானியத் தலைமையமைச்சர் அரசின் சார்பில் வருத்தம் தெரிவித்தார். 2013இல் அரசி மன்னிப்பு வழங்கினார். 2021இல் வெளியான 50 பவுண்டு பணத்தாளில் டூரிங்கின் உருவம் இடம்பெற்றது. கணினித் துறையின் உயரிய பரிசு 1966 முதல் அவர் பெயராலேயே வழங்கப்பெறுகின்றது. சென்னை கிண்டிப் பொறியியற் கல்லூரியிற் பயின்ற ராஜ் ரெட்டி, 1994இல் அப்பரிசைப் பெற்றார்.

டூரிங் கண்ட உண்மை அவரோடு மறைந்துவிடவில்லை. 1983இல் அமெரிக்க நாட்டு ஆராய்ச்சி மாணவர் பிரெட் கோகன், தன்னைத்தானே பெருக்கிக்கொண்டு கணினிகளிற் பரவும் நச்சுநிரல்களை ஆராய்ந்தார். அத்தகைய நிரல்கள் அனைத்தையும் ஒருபோதும் பிழையாது கண்டுபிடிக்கும் முறை இருத்தல் இயலாது என்பதை அவர் பின்னர் நிறுவினார். பொறியால் தீர்க்கவியலாத வினாக்கள் உண்டென்று டூரிங் 1936இல் காட்டியதே அதற்கு அடிப்படையாயிற்று. ஆதலினாற்றான், கணினியைக் காப்போர் ஒருமுறை காவல் அமைத்துவிட்டு ஓய்ந்திருத்தல் இயலாது. என்றும் விழித்திருத்தல் வேண்டும்.

பயன் யாது என்று கேளாமல், உண்மை யாது என்று கேட்டவர் டூரிங். அக்கேள்வியிலிருந்து விளைந்த பயனோ அளவிடற்கரியது. எனிக்மா என்னும் பெரும்பொறி வீழ்ந்தது வலிமைக் குறைவால் அன்று. அதனை ஆண்டவரின் கவனக் குறைவாலும், சிறிய பிழை ஒன்றாலும் ஆகும். கணினித் துறை பயில விழையும் மாணவர்கள் இவ்விரண்டையும் உளங்கொள்ளுதல் வேண்டும். தம் அறிவால் நாட்டைக் காத்த ஒருவரை, அவர் பிறரினும் வேறுபட்டவர் என்னும் காரணத்தால் வருத்திய அறியாமை இனி எந்நாட்டிலும் நிகழாவண்ணம் காத்தலும் கற்றோர் கடனாகும்.