மகாராஜா இரஞ்சித் சிங்கும் பஞ்சாபின் விண்மீன் விருதும்

வீரத்துக்கும் நற்சேவைக்கும் அரசு விருது வழங்கும் முறை இன்று பல நாடுகளில் உண்டு. இலங்கையில் 1986 ஆம் ஆண்டு முதல் ஸ்ரீலங்காபிமான்ய, தேசமான்ய, தேசபந்து முதலிய தேசிய விருதுகள் வழங்கப்படுகின்றன. இந்தியத் துணைக்கண்டத்தில் 1837 ஆம் ஆண்டிலேயே இத்தகைய விருதொன்றைத் தோற்றுவித்த சுதேச மன்னர் ஒருவரின் வரலாற்றை இங்கு நோக்குவோம்.

இளமைக் காலம்

இரஞ்சித் சிங் 1780 நவம்பர் 13 ஆம் திகதி, இன்றைய பாகிஸ்தானிலுள்ள குஜ்ரன்வாலாவிற் பிறந்தார். தந்தை மகா சிங், சீக்கியக் குழுக்களுள் ஒன்றான சுகர்சக்கியாவின் தலைவர். சிறு வயதில் ஏற்பட்ட பெரியம்மை நோயால் இரஞ்சித் சிங் இடக் கண்ணின் பார்வையை இழந்தார். தந்தையையும் இளமையிலேயே இழந்தார். எழுத வாசிக்கக் கற்காத போதிலும், குதிரையேற்றத்திலும் போர்ப் பயிற்சியிலும் சிறந்து விளங்கினார்.

பேரரசின் எழுச்சி

அக்காலத்தில் மொகலாயர் ஆட்சி நலிவுற்றிருந்தது. ஆப்கானியர் பஞ்சாப் மீது அடிக்கடி படையெடுத்தனர். சீக்கியக் குழுக்களும் ஒன்றோடொன்று போரிட்டன. இந்நிலையில் இரஞ்சித் சிங் 1799 இல் லாகூரைக் கைப்பற்றினார். 1801 இல் மகாராஜாவாக முடிசூடினார். 1809 இல் பிரித்தானியருடன் செய்துகொண்ட அமிர்தசரஸ் உடன்படிக்கை மூலம் சட்லெஜ் ஆறு இரு தரப்பினருக்கும் எல்லையாயிற்று. அதன் பின் அவர் வடக்கிலும் மேற்கிலும் கவனஞ் செலுத்தி, முல்தான் (1818), காஷ்மீர் (1819), பெஷாவர் (1834) ஆகியவற்றைத் தம் ஆட்சியின் கீழ்க் கொண்டுவந்தார். 1813 இல் கோகினூர் வைரமும் அவர் கைக்கு வந்தது.

திறமைக்கு முதலிடம்

ஆட்சியாளர் சீக்கியராயினும் மக்களிற் பெரும்பாலானோர் முஸ்லிம்களும் இந்துக்களுமாவர். இதனை நன்குணர்ந்த இரஞ்சித் சிங், மதம் பாராது திறமையுள்ளோரைப் பதவிகளில் அமர்த்தினார். வெளிநாட்டு விவகாரங்களை முஸ்லிமான பக்கீர் அசீசுத்தீன் கவனித்தார். இந்துவான தியான் சிங் முதலமைச்சராக விளங்கினார். நெப்போலியனின் படையிற் பணியாற்றிய அலார், வெந்துரா ஆகியோர் 1822 இல் லாகூரை அடைந்து, அவரது படைக்கு ஐரோப்பிய முறைப்படி பயிற்சி அளித்தனர்.

விருதின் தோற்றம்

அதுவரை சேவை செய்தோருக்கு ஜாகீர் எனப்பட்ட நில வருமான உரிமையும் பட்டாடைகளும் பரிசாகக் கிடைத்தன. ஆனால் நிலம் அளவுக்குட்பட்டது. அத்துடன் நிலம் பெற்ற தலைவர்கள் வலிமையடைந்து அரசனையே எதிர்க்கவுங் கூடும். விருதோ அரசின் நிலத்தைக் குறைக்காமலே பெறுபவரின் மதிப்பை உயர்த்துவது.

பிரான்சில் நெப்போலியன் 1802 மே 19 ஆம் திகதி, படைவீரருக்கும் குடிமக்களுக்கும் பொதுவான 'லெஜியன் ஒஃப் ஒனர்' என்னும் விருதை நிறுவியிருந்தார். பிறப்பால் வந்த பட்டங்களைப் பிரெஞ்சுப் புரட்சி ஒழித்திருந்தமையால், தகுதிக்குரிய புதிய மதிப்பாக அது அமைந்தது. பிரெஞ்சு அதிகாரிகள் வாயிலாக இம்முறை லாகூர் அரசவையிலும் அறியப்பட்டது.

1837 மார்ச்சில் மகாராஜாவின் பேரன் நௌ நிகால் சிங்கின் திருமணம் வெகு சிறப்பாக நடைபெற்றது. பிரித்தானிய இந்தியப் படைத் தளபதி சேர் ஹென்றி ஃபேனும் அதிற் கலந்துகொண்டார். இக்காலத்திலேயே 'கௌகப்-இ-இக்பால்-இ-பஞ்சாப்' என்னும் விருது நிறுவப்பட்டது. பஞ்சாபின் செழிப்பைக் குறிக்கும் விண்மீன் என்பது இதன் பொருளாகும். விண்மீன் வடிவான பதக்கத்தின் நடுவில் மகாராஜாவின் உருவம் பொறிக்கப்பட்டிருந்தது. விருது மூன்று வகுப்புகளைக் கொண்டது. அரச குடும்பத்தினர், தலைவர்கள், ஆளுநர்கள், தூதுவர்கள், படை அதிகாரிகள் எனப் பலரும் அவரவர் தரத்துக்கேற்ப இதனைப் பெறத்தக்கவராயினர்.

மறைவும் பின்விளைவும்

இரஞ்சித் சிங் 1839 யூன் 27 ஆம் திகதி லாகூரிற் காலமானார். தனிமனிதரின் ஆற்றலிலேயே தங்கியிருந்த அரசு அதன் பின் விரைவாகத் தளர்ந்தது. நௌ நிகால் சிங் 1840 இல் இறந்தார். அரசவையிற் சதிகளும் கொலைகளும் பெருகின. முன்னர் மன்னரின் சேவையில் ஒன்றுபட்டிருந்தோர் தத்தம் நலனுக்காகப் பிரிந்து நின்றனர். இரு போர்களின் பின்னர் 1849 இல் பிரித்தானியர் பஞ்சாபைத் தம் ஆட்சியுடன் இணைத்தனர். கோகினூரும் அவர்கள் வசமாயிற்று. அப்போது மன்னராயிருந்த, இரஞ்சித் சிங்கின் இளைய மகன் துலீப் சிங்குக்கு வயது பத்து. 1861 இல் பிரித்தானியர் 'இந்திய விண்மீன்' என்னும் விருதை உருவாக்கியபோது, அதனை முதன்முதற் பெற்றோருள் துலீப் சிங்கும் ஒருவர். தந்தை விருதை வழங்கினார். மகனோ தன் நாட்டை எடுத்துக்கொண்டவரிடமிருந்து விருதைப் பெற்றார்.

மாணவர்களே, சேவையாற்றியோரை மதம் பாராது மதித்தமை இரஞ்சித் சிங்கின் பெருமையாகும். ஆயினும் தமக்குப் பின்னரும் நிலைக்கக்கூடிய ஆட்சி ஒழுங்கை அவர் அமைக்கவில்லை. விருதின் மதிப்பு அதனை வழங்கும் அரசின் உறுதியிலேயே தங்கியுள்ளது என்பதை இவ்வரலாறு உணர்த்துகின்றது.

பயிற்சி வினாக்கள்

1. அமிர்தசரஸ் உடன்படிக்கை செய்யப்பட்ட ஆண்டு எது?
2. ஜாகீர் வழங்குவதிலும் விருது வழங்குவது அரசுக்கு நன்மையாக இருந்தமைக்கு இரு காரணங்கள் தருக.
3. இரஞ்சித் சிங்கின் மறைவுக்குப் பின் பஞ்சாப் அரசு வீழ்ச்சியுற்றமைக்கான காரணங்களை விளக்குக.