ஒரு பீரியட் நேரத்தில் மூன்று உலக சாதனை!



உங்கள் பள்ளியில் ஒரு பீரியட் எவ்வளவு நேரம்? 40 அல்லது 45 நிமிடம் இருக்கும், இல்லையா? ஆசிரியர் வந்து, வருகைப் பதிவு எடுத்து, பாடத்தில் பாதி நடப்பதற்குள் அடுத்த மணி அடித்துவிடும்.

அதே 45 நிமிட நேரத்தில், ஒரு கல்லூரி மாணவர் மூன்று உலக சாதனைகளை முறியடித்தார். நான்காவதாக ஒரு உலக சாதனையைச் சமன் செய்தார். அதுவும் முதுகு வலியோடு! நம்ப முடியவில்லையா? நிஜம்தான். அவர் பெயர் ஜெஸ்ஸி ஓவன்ஸ். அமெரிக்காவைச் சேர்ந்தவர்.

அந்த 45 நிமிடத்துக்குப் பின்னால், பள்ளியில் பயிற்சி செய்த எத்தனையோ காலை நேரங்கள் இருக்கின்றன. அந்தக் கதையைத்தான் இப்போது பார்க்கப் போகிறோம்.

கடைக்குட்டி ஜே.சி.

1913-ம் ஆண்டு செப்டம்பர் 12-ந் தேதி, அலபாமா மாநிலத்தில் ஓக்வில் என்ற சிற்றூரில் அந்தக் குழந்தை பிறந்தது. பெற்றோர் வைத்த பெயர் ஜேம்ஸ் கிளீவ்லாந்து ஓவன்ஸ். சுருக்கமாக ஜே.சி. வீட்டில் மொத்தம் பத்துப் பிள்ளைகள். இவன்தான் கடைக்குட்டி.

கறுப்பினக் குடும்பம் அது. தாத்தா காலத்தில் அடிமைகளாக இருந்தவர்கள். அப்பா அடுத்தவர் நிலத்தில் பயிர் செய்தார். விளைச்சலில் ஒரு பங்கை நிலச் சொந்தக்காரருக்குக் கொடுத்துவிட வேண்டும். மிச்சத்தில் பன்னிரண்டு பேர் சாப்பிட வேண்டும். ஜே.சி.க்கோ அடிக்கடி நெஞ்சுச் சளி, காய்ச்சல். பார்ப்பதற்கு நோஞ்சான் பையன். இவன் ஒருநாள் உலகத்திலேயே வேகமான மனிதன் ஆவான் என்று யார் நினைத்திருப்பார்கள்?

ஜே.சி.க்கு ஒன்பது வயதானபோது, நல்ல வேலை தேடி அந்தக் குடும்பம் வடக்கே ஒஹையோ மாநிலத்தில் உள்ள கிளீவ்லாந்து நகரத்துக்குக் குடிபெயர்ந்தது. புதுப் பள்ளி. ஆசிரியை பெயர் கேட்டார். பையன் ஜே.சி. என்றான். அவனுடைய கிராமத்து உச்சரிப்பில் அது ஆசிரியையின் காதில் ஜெஸ்ஸி என்று விழுந்தது. அப்படியே எழுதிக்கொண்டார். திருத்தக் கூச்சப்பட்ட பையனுக்கு, ஆயுள் முழுவதும் அதுவே பெயராக நிலைத்துவிட்டது!

நேரம் இல்லாத மாணவன்

பேர்மவுண்ட் நடுநிலைப் பள்ளியில் படிக்கும்போது, சார்லஸ் ரைலி என்ற உடற்பயிற்சி ஆசிரியர் ஜெஸ்ஸியைக் கவனித்தார். இந்தப் பையன் ஓடும்போது கால் தரையில் படுகிறதா இல்லையா என்றே தெரியவில்லையே! பள்ளி ஓட்டக் குழுவில் சேரும்படி கூப்பிட்டார்.

ஆனால், அதில் ஒரு சிக்கல். குழுவுக்குப் பயிற்சி பள்ளி விட்ட பிறகு, மாலையில்தான் நடக்கும். ஜெஸ்ஸிக்கு மாலையில் வேலை! மளிகைச் சாமான்களை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுப்பது, செருப்பு தைக்கும் கடையில் உதவி செய்வது, சரக்கு ரயிலில் மூட்டை ஏற்றுவது என்று ஏதாவது ஒன்று. அந்தக் காசு வீட்டுக்கு வேண்டும். வேலையை விடவே முடியாது.

வேறு ஒருவராக இருந்தால், நேரம் இல்லாதவனுக்கு விளையாட்டு எதற்கு என்று விட்டிருப்பார். ரைலி அப்படி விடவில்லை. ஜெஸ்ஸிக்காகத் தன் நேரத்தை மாற்றிக்கொண்டார். தினமும் காலையில், பள்ளி தொடங்கும் முன்பே வந்து அந்த ஒரு மாணவனுக்குத் தனியாகப் பயிற்சி கொடுத்தார். பையன் பசியோடு ஓடுவதைப் பார்த்து, தன் வீட்டிலிருந்து சாப்பாடும் கொண்டுவந்தார். ரைலி வெள்ளையர். கறுப்பினத்தவரை ஒதுக்கி வைத்த காலம் அது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்!

அவர் என்ன சொல்லிக் கொடுத்தார் தெரியுமா? தரை நெருப்பாய்ச் சுடுவதாக நினைத்துக்கொண்டு ஓட வேண்டும் என்றார். சித்திரை வெயிலில் தார் ரோட்டில் வெறுங்காலோடு நடந்திருக்கிறீர்களா? பாதம் பட்டதும் வெடுக்கென்று எடுப்போமே... அதேதான்! ஓடும்போது பல்லைக் கடிக்காமல், முகத்தைச் சுளிக்காமல், உடம்பைத் தளர்வாக வைத்துக்கொள்ளவும் பழக்கினார். அடுத்த வாரப் போட்டிக்காக அல்ல, சில வருடங்கள் கழித்து வரப்போகும் போட்டிக்காக உழைக்கிறாய் என்று புரிய வைத்தார்.

பலன் உடனே கிடைத்துவிடவில்லை. பிறகு ஈஸ்ட் டெக்னிகல் உயர்நிலைப் பள்ளியில் படித்தபோது, 1932-ம் ஆண்டு ஒலிம்பிக் தேர்வுப் போட்டியில் கலந்துகொண்டு தோற்றுப் போனார். வயதில் மூத்தவர்களோடு போட்டி! சோர்ந்து போகாமல் மறுபடியும் பயிற்சியைத் தொடர்ந்தார். 1933-ல் சிகாகோவில் தேசியப் பள்ளிகள் தடகளப் போட்டி. 100 கஜ ஓட்டத்தை, அதாவது சுமார் 91 மீட்டரை, 9.4 வினாடியில் ஓடினார் ஜெஸ்ஸி. அது அன்றைய உலக சாதனைக்குச் சமம்! அப்போது அவர் வெறும் பள்ளி மாணவர்!

அந்த 45 நிமிடம்

அடுத்து ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகம். இவ்வளவு பெரிய வீரருக்கு விளையாட்டு உதவித்தொகை கிடைக்கவில்லை. லிப்ட் இயக்கும் வேலை, பெட்ரோல் பங்க் வேலை என்று செய்து படித்தார். கறுப்பின மாணவர் என்பதால் கல்லூரி விடுதியில் இடம் இல்லை. போட்டிக்காக வெளியூர் போனால், வெள்ளைக்கார மாணவர்கள் சாப்பிடும் ஹோட்டலில் உட்கார்ந்து சாப்பிட முடியாது. ஒரே குழு, ஒரே பனியன்... ஆனால் சாப்பாட்டுக்கு மட்டும் வேறு இடம்!

1935-ம் ஆண்டு மே 25-ந் தேதி. மிச்சிகன் மாநிலம் ஆன் ஆர்பர் நகரில் பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டி. சில நாட்களுக்கு முன்பு மாடிப்படியில் விழுந்ததில் ஜெஸ்ஸிக்கு முதுகில் பலத்த அடி. குனிய முடியவில்லை. பயிற்சியாளர் லாரி ஸ்னைடருக்கு அவரை ஓடவிடவே தயக்கம். முதலில் ஒரு போட்டியில் ஓடிப் பார்க்கிறேன் என்று கெஞ்சிக் களமிறங்கினார்.

100 கஜ ஓட்டம் 9.4 வினாடி. உலக சாதனை சமன்! நீளம் தாண்டுதலில் ஒரே ஒரு தடவைதான் தாண்டினார். 8.13 மீட்டர்! இந்த உலக சாதனையை 25 ஆண்டுகள் யாராலும் முறியடிக்க முடியவில்லை. அடுத்து 220 கஜ ஓட்டம் 20.3 வினாடி. பிறகு 220 கஜத் தடை ஓட்டம் 22.6 வினாடி. இரண்டும் புதிய உலக சாதனைகள்!

பெர்லினில் நான்கு தங்கம்

மறு ஆண்டு, 1936-ல் ஜெர்மனியின் பெர்லின் நகரில் ஒலிம்பிக். அங்கே ஹிட்லரின் ஆட்சி. தங்கள் இனம்தான் உயர்ந்தது, மற்றவர்கள் தாழ்ந்தவர்கள் என்று பிரசாரம் செய்துகொண்டிருந்தார்கள். அந்த மண்ணில் ஜெஸ்ஸி 100 மீட்டர், நீளம் தாண்டுதல், 200 மீட்டர், 4x100 மீட்டர் தொடர் ஓட்டம் என்று நான்கு தங்கப் பதக்கங்களை வென்றார். நீளம் தாண்டுதலில் இரண்டாம் இடம் பிடித்த ஜெர்மனி வீரர் லூஸ் லாங், ஓடிவந்து முதலில் வாழ்த்தினார். இருவரும் கைகோத்தபடி நடந்தார்கள். ஹிட்லரின் பிரசாரம் இரண்டு விளையாட்டு வீரர்கள் முன்னால் எடுபடவில்லை!

ஆனால், ஊர் திரும்பிய ஜெஸ்ஸிக்கு என்ன நடந்தது தெரியுமா? நியூயார்க்கில் ஒரு பெரிய ஹோட்டலில் அவருக்குப் பாராட்டு விழா. அந்த விழாவுக்குப் போக, சாமான் ஏற்றும் லிப்டில்தான் அவர் மேலே போக வேண்டியிருந்தது. ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டிடம் இருந்து வாழ்த்துத் தந்திகூட வரவில்லை. ஒலிம்பிக் முடிந்ததும் ஐரோப்பாவில் தொடர்ந்து ஓடாமல் வீடு திரும்பியதற்காக, விளையாட்டுச் சங்கம் அவருக்குத் தடை விதித்தது. பிழைப்புக்காகக் குதிரைகளோடுகூட பந்தயம் ஓடினார், அந்தத் தங்க மகன்.

கல்லூரிப் படிப்பையும் அவர் முடிக்கவில்லை. பிறகு மறுபடியும் கல்லூரியில் சேர்ந்து பார்த்தார். மதிப்பெண் போதவில்லை, பட்டம் கிடைக்கவில்லை. கால்கள் அவ்வளவு வேகமாக ஓடின. ஆனால் படிப்பு பின்தங்கிவிட்டது. 1972-ல்தான் அதே பல்கலைக்கழகம் அவருக்குக் கவுரவ டாக்டர் பட்டம் வழங்கியது.

பின்னாளில் ஜெஸ்ஸி, தனக்கு ரைலி செய்ததை மற்ற பிள்ளைகளுக்குச் செய்தார். சிகாகோவில் சிறுவர்களுக்கான விளையாட்டுப் பணிகளில் ஈடுபட்டார். 1955-ல் அமெரிக்காவின் நல்லெண்ணத் தூதராக நம் இந்தியாவுக்கும் வந்திருக்கிறார்! 1976-ல் அமெரிக்க அரசின் உயரிய விருதான சுதந்திரப் பதக்கம் கிடைத்தது. பல ஆண்டுகள் சிகரெட் பிடித்துவந்த அவர், நுரையீரல் புற்றுநோயால் 1980-ம் ஆண்டு மார்ச் 31-ந் தேதி காலமானார். நான்கு ஆண்டுகள் கழித்து, பெர்லினில் ஒலிம்பிக் மைதானத்தின் அருகே உள்ள ஒரு சாலைக்கு அவர் பெயரைச் சூட்டினார்கள்.

என்ன குட்டீஸ்... உங்களுக்கும் மாலையில் டியூஷன், பாட்டு வகுப்பு, வீட்டுப்பாடம் என்று நேரமே இல்லையா? ஜெஸ்ஸிக்கும் இல்லை. அதனால்தான் காலையைக் கண்டுபிடித்தார். நீங்களும் உங்கள் பி.டி. ஆசிரியரிடம் போய், எனக்கு எந்த நேரம் முடியும் என்று தைரியமாகச் சொல்லிப் பாருங்கள். பள்ளிக் குழுவில் முதல் ஆளாக வராவிட்டால் பரவாயில்லை. நேற்றைய உங்களைவிட இன்று ஒரு எட்டு முன்னால் ஓடினால் போதும். பள்ளி மைதானத்துக்கு நீங்கள் என்ன ஜாதி, பணக்காரரா ஏழையா என்றெல்லாம் கேட்கத் தெரியாது.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். ஓடி முடித்ததும் புத்தகத்தையும் எடுக்க வேண்டும். ஜெஸ்ஸிக்கு விட்டுப்போன அந்த ஒரு பந்தயத்திலும் நீங்கள் ஜெயிக்க வேண்டும் அல்லவா?

நாளை காலை மைதானத்தில் சந்திப்போமா?