செடிகளுக்குப் பெயரிட்ட டாக்டர் வைட்

நத்தம் சாலையோரத்துப் புளியமரத்தை நாம் ஒரு பெயரால் அழைக்கிறோம், தெலுங்கர் வேறு பெயரால் அழைக்கின்றனர், வங்காளியர் மற்றொன்றால். எல்லாத் தேசத்து அறிஞரும் ஒரே மரத்தைக் குறித்துப் பேச வேண்டுமாயின் பொதுப்பெயர் ஒன்று இன்றியமையாததன்றோ? இதற்காகவே ஸ்வீடன் தேசத்து லின்னேயஸ் 1753-ம் ஆண்டில், குலத்துக்கு ஒரு சொல், அதனுள் அடங்கிய இனத்துக்கு ஒரு சொல் என இரண்டு சொற்களால் ஒவ்வொரு செடிக்கும் லத்தீனில் பெயரிட்டார். புளிக்கு அவர் இட்ட பெயர் டாமரிண்டஸ் இண்டிகா. பெயரில் இந்தியா இருக்கிறது. மரத்தின் பூர்வீகமோ ஆப்பிரிக்கா!

தென்னாட்டுத் தாவரங்களுக்கு இவ்வாறு பெயரும் வரிசையும் அமைத்தவர்களுள் தலையாயவர் டாக்டர் ராபர்ட் வைட். 1796-ல் ஸ்காட்லாந்தில் பிறந்து, எடின்பரோவில் வைத்தியம் பயின்று, 1819-ல் கும்பினியின் உதவி வைத்தியராகச் சென்னை ராஜதானிக்கு வந்தார். 1826-ல் அவருக்குக் கிடைத்த இயற்கை ஆராய்ச்சி உத்தியோகத்தை இரண்டே ஆண்டுகளில் கவர்னர் லஷிங்டன் எடுத்துவிட்டார். வைட் நாகப்பட்டினத்துப் பட்டாளத்துக்கு வைத்தியரானார். எனினும் செடி சேகரிப்பதை அவர் விடவில்லை.

1831-ல் விடுமுறை பெற்றுத் தாய்நாடு சென்றவர், நண்பர் வாக்கர் ஆர்னாட்டுடன் சேர்ந்து 1834-ல் தென்னிந்தியத் தாவர நூலொன்றை வெளியிட்டார். லின்னேயஸ் பூவின் மகரந்தக் கேசரங்களை எண்ணி வகுப்புப் பிரித்தார். எண்ணுவது எளிது, ஆனால் கேசர எண்ணிக்கை ஒத்திருப்பதனாலேயே உறவில்லாத செடிகள் ஓரிடத்தில் சேர்ந்துவிடும். வைட்டும் ஆர்னாட்டும் பூ, காய், விதை, இலை அனைத்தையும் ஒப்பிட்டு உறவு காணும் இயற்கை முறையையே கைக்கொண்டனர்.

மீண்டும் இந்நாடு வந்த வைட் 1836-ல் பழனிமலை ஏறினார். நத்தத்தார்க்கு மேற்கே தெரியும் சிறுமலைக்கும் அப்பாற்பட்டது அம்மலை. அங்கு கண்டவற்றை எழுதியும் வைத்தார். 1842 முதல் கோயம்புத்தூரில் அமெரிக்கப் பருத்தியைப் பயிரிட்டுப் பார்க்கும் வேலை அவருக்கு இடப்பட்டது. மான்செஸ்டர் ஆலைகளுக்குப் பஞ்சு வேண்டியிருந்தது; கும்பினி சாஸ்திரத்தைப் போற்றிய காரணம் இதிலிருந்தே விளங்கும். எதிர்பார்த்த பலன் கிட்டவில்லை. 1853-ல் ஓய்வு பெற்றுச் சென்ற வைட் 1872-ல் இங்கிலாந்தில் காலமானார்.

அவரது பெருநூல் 2,101 படங்கள் கொண்டது, சென்னையில் அச்சானது. அப்படங்களுக்கு உயிரளித்த கைகள் ரங்கையா, கோவிந்து என்னும் நம் சித்திரக்காரர் இருவருடையவை. இலையின் நரம்பும் விதையின் உட்பிளவும் அவர்கள் தூரிகைக்குத் தப்பவில்லை. படமின்றி விளக்கம் மட்டும் இருந்திருப்பின் எத்தனை பெயர்கள் இன்று ஐயத்துக்கிடமாகியிருக்கும்! அவர்கள் பிறந்த ஊரையோ வாழ்ந்த வீட்டையோ எவரும் குறித்து வைக்கவில்லை என்பது நமக்கு வருத்தமே. எனினும் படங்களின் அடியில் அவர்கள் பெயரைப் பொறிக்கச் செய்தமைக்கு வைட் நம் நன்றிக்குரியவர்.

அம்மட்டோடும் அவர் நிற்கவில்லை. 1853-ல் ஆர்க்கிட் குலமொன்றுக்குக் கோவிந்தூயா எனத் தம் சித்திரக்காரர் பெயரையே சூட்டினார். ஆனால் முன்னிட்ட பெயரே நிற்கும் என்பது தாவர சாஸ்திர விதி. அக்குலத்துக்கு லிண்ட்லி 1833-லேயே ட்ரோபிடியா என்று பெயரிட்டிருந்தமையால் கோவிந்துவின் பெயர் நீங்கிற்று. இமயமலைப் பக்கத்து மரமொன்றுக்கு வைட்டைச் சிறப்பித்து வாலிக் 1830-ல் இட்ட வைட்டியா என்னும் பெயர் இன்றும் வழங்குகிறது. கோவிந்து வரைந்த மூலப்படங்கள் பல எடின்பரோ தாவரத் தோட்டத்தில் இருக்கின்றன.