முட்டைக்குள்ளிருந்து வந்த ஆந்தனி நிஜத்தில் யார்?
1977-ல் வந்த 'அமர் அக்பர் ஆந்தனி'யில் ராட்சத முட்டையை உடைச்சுக்கிட்டு அமிதாப் வருவாரே, அந்தப் பாட்டு உங்க கண்ணிலும் பட்டிருக்கும். அதில் அவர் சொல்லும் ஆந்தனி கோன்சால்வஸ் கற்பனைப் பெயர் இல்லை.

கோவாவின் மஜோர்டா கடற்கரை கிராமத்தில் 1927-ல் பிறந்த வயலின் கலைஞர் அவர். பம்பாய் சினிமாவில் இசைக்கோர்ப்பு செய்தார். அந்தக் கால டைட்டில் கார்டுகளில் இந்த வேலைக்குப் பெரும்பாலும் பெயரே வராது. பேரும் புகழும் இசையமைப்பாளருக்குத்தான். (இன்னைக்கு மட்டும் என்ன வாழுதாம்?)

1958-ல் இந்துஸ்தானி ராகங்களை மேற்கத்திய ஆர்க்கெஸ்ட்ராவுக்கு எழுதி, லதா மங்கேஷ்கர், மன்னா டேயைப் பாடவைத்து மேடையேற்றினார். 1960-களின் நடுவில் அமெரிக்கா போனார். திரும்பியதும் சினிமா பக்கம் போகாமல் மஜோர்டாவிலேயே தங்கிவிட்டார்.

அவரிடம் வயலின் படித்த பியாரேலால், லக்ஷ்மிகாந்த்தோடு சேர்ந்து இசையமைத்ததுதான் நீங்க கேட்ட பாட்டு. குருவின் பெயர் பல்லவியிலேயே இருக்கு. அது நாடு முழுக்க ஒலித்தபோது அவர் உயிரோடுதான் இருந்தார், 2012 வரை.