வாசலைத் திறந்த மருத்துவர்

1930 ஏப்ரல் 13, சித்திரை முதல் நாள். திருச்சியில் ஒரு மருத்துவரின் வீட்டிலிருந்து ராஜாஜி தலைமையில் சுமார் 100 தொண்டர்கள் வேதாரண்யம் நோக்கி நடக்கத் தொடங்கினர். தமிழகத்தின் உப்புச் சத்தியாக்கிரகத்தை நினைக்கும்போது கடற்கரை நினைவுக்கு வருகிறது. பயணம் புறப்பட்ட வீடும் அதற்குரிய டாக்டர் தி.சே.சௌ. ராஜனும் அவ்வளவாக நினைக்கப்படுவதில்லை.

ஸ்ரீரங்கத்து வைணவக் குடும்பத்தில் 1880-இல் பிறந்த ராஜன், சென்னை ராயபுரத்தில் மருத்துவம் பயின்று, பர்மாவில் பணியாற்றி, மேற்படிப்புக்காக இங்கிலாந்து சென்றவர். லண்டனில் இந்திய மாணவர்களின் கூடாரமாக விளங்கிய 'இந்தியா ஹவுஸ்' இல்லத்தில் வரகனேரி வ.வே.சு. ஐயருடன் பழகினார். ஐயர் புதுச்சேரியில் தஞ்சம் புகுந்தார். ராஜன் தாயகம் திரும்பி, திருச்சியில் பெயர்பெற்ற அறுவை மருத்துவரானார்.

கைநிறைய வருமானம் தந்த தொழிலைப் பணயம் வைத்தே அவர் காந்தியடிகளின் இயக்கத்தில் இறங்கினார். ஏறத்தாழ 150 மைல் தொலைவைக் கால்நடையாகக் கடக்கும் படைக்கு வழித்தடம், தங்குமிடம், உணவு ஆகியவற்றை முன்கூட்டியே வகுத்தாக வேண்டும். தொண்டர்களுக்கு உணவும் இடமும் அளிப்போர் தண்டிக்கப்படுவர் என்று தஞ்சை ஆட்சியர் தார்ன் எச்சரித்திருந்த சூழலில் அந்த ஏற்பாடுகளின் அருமை புரியும். பேச்சாளரின் பின்னால் நின்று பொறுப்புகளைச் சுமப்பவர் இல்லாமல் எந்த இயக்கமும் ஊர் எல்லையைத் தாண்டாது. அத்தகைய பொறுப்பாளராக விளங்கிய ராஜன், அதற்கு விலையாகச் சிறையும் சென்றார்.

தமிழ்நாட்டு ஹரிஜன சேவா சங்கத்தின் தலைவராகவும் அவர் பணியாற்றினார். ஆசாரம் வேரூன்றிய திருவரங்கத்தில் பிறந்த ஒருவர் தீண்டாமைக்கு எதிராக நிற்பது மேடைப் பேச்சோடு முடிந்துவிடும் காரியமன்று. சொந்த உறவுகளின் மனவருத்தத்தையும் தாங்கியாக வேண்டும். 1937-இல் அமைந்த ராஜாஜி அமைச்சரவையில் பொதுச் சுகாதாரமும் அறநிலையமும் அவர் வசம் வந்தன. 1939 ஜூலை 8 அன்று மதுரை மீனாட்சி அம்மன் கோயிலுக்குள் வைத்தியநாத ஐயர் ஒடுக்கப்பட்ட மக்களை அழைத்துச் சென்றார். கோயில்களைத் திறந்துவிடும் நிர்வாகிகளுக்குச் சட்டப் பாதுகாப்பு அளிக்கும் ஏற்பாடு அதைத் தொடர்ந்து வந்தபோது, அறநிலையத்துக்குப் பொறுப்பேற்றிருந்தவர் இந்த ஸ்ரீரங்கத்துக்காரரே.

பின்னர் ஓமந்தூரார் அமைச்சரவையிலும் இடம்பெற்ற அவர், 'நினைவு அலைகள்' என்னும் தன்வரலாற்று நூலையும் தமிழுக்குத் தந்து, 1953-இல் மறைந்தார்.

பதவிகளின் பட்டியல் காலப்போக்கில் மங்கிவிடும். அஞ்சவேண்டிய நாளில் தன் வீட்டு வாசலைப் படைக்குத் திறந்துவிட்டவர், அதிகாரம் கைக்கு வந்தபோது கோயில் வாசல் திறக்கவும் துணைநின்றார் என்பதை மறக்கலாகாது. பொதுவாழ்வில் சொல்லும் செயலும் விலகி நிற்கும் போதெல்லாம் திருச்சி பெருமையுடன் சுட்டிக்காட்டத்தக்க பெயர் அவருடையது.